இதய சிகிச்சைக்குப் பின் வேறோர் அறுவை சிகிச்சையா? நாள் குறிக்கும் முன் செய்ய வேண்டியவை

“ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது, ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?” பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் மயக்கவியல் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த எனக்கு, அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் இதயத்தில் என்ன செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், எந்தத் தேதியில் செய்தார்கள், இப்போது எந்த மாத்திரை ஓடுகிறது என்ற நான்கும் தெரியாமல் எவரும் அந்த எண்ணைச் சொல்ல முடியாது. சொன்னால் அதை நம்பக் கூடாது. இந்த வழிகாட்டி அந்த நான்கையும் திரட்டிக்கொண்டு மருத்துவர் முன்னால் போய் அமர்வதற்கானது. மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது.

முதல் படி: எந்த வகை அவசரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

உயிருக்கு ஆபத்தான நிலையில் எந்தக் கணக்கும் இல்லை. குடல் முறுக்கிக்கொண்டாலோ, உள்ளுக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டாலோ, ஸ்டென்ட் வைத்து பத்தே நாள் ஆகியிருந்தாலும் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும்; அதற்குரிய ஆபத்தை மருத்துவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்வார்கள். புற்றுநோய்க் கட்டியை அகற்றுவது போன்றவை இரண்டாம் வகை. அவற்றைச் சில வாரங்கள், அதிகம் போனால் மூன்று மாதம் வரை தள்ளலாம், அதற்கு மேல் தள்ளினால் நோய் முந்திக்கொள்ளும். முழங்கால் மூட்டு மாற்று, தொல்லை தராத ஹெர்னியா, அவ்வப்போது வலிக்கும் பித்தப்பைக் கல், ரத்தப்போக்கு அதிகம் இல்லாத கர்ப்பப்பைக் கட்டி ஆகியவை மூன்றாம் வகை. நாம் பார்த்து நாள் குறிப்பவை இவையே. இந்தக் கட்டுரையின் கணக்குகள் பெரும்பாலும் இவற்றுக்குத்தான் பொருந்தும்.

இரண்டாம் படி: டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து மேசைமேல் விரியுங்கள்

பலர் வீட்டில் இந்தத் தாள் பீரோவில் புடவைகளுக்கு அடியில், எக்ஸ்ரே உறைக்குள் மடித்துக் கிடக்கும். அதை எடுத்துத் தேதி, செய்த சிகிச்சை, காரணம் என்ற மூன்றையும் தேடுங்கள். “பி.டி.சி.ஏ.” என்றோ “பி.சி.ஐ.” என்றோ இருந்தால் அது பலூன் வழியாக அடைப்பை நீக்கிய ஆஞ்சியோபிளாஸ்டி. பக்கத்தில் “டி.இ.எஸ்.” என்று இருந்தால் மருந்து பூசிய ஸ்டென்ட் என்று பொருள், இன்று வைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அவையே. “சி.ஏ.பி.ஜி.” என்றால் பைபாஸ். “எம்.வி.ஆர்.” என்றால் மைட்ரல் வால்வையும், “ஏ.வி.ஆர்.” என்றால் அயோர்டிக் வால்வையும் மாற்றியிருக்கிறார்கள், வால்வு உலோகத்தாலானதா, திசுவாலானதா என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். காரணம் என்ற இடத்தில் மாரடைப்புக்காகச் செய்ததா, நடந்தால் நெஞ்சு வலிக்கிறது என்று போய்ப் பார்த்ததில் திட்டமிட்டுச் செய்ததா என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் காலத்தை இரட்டிப்பாக்கக் கூடிய வேறுபாடு இது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சிலருக்கு முதலில் ஒரு ரத்தக் குழாயிலும், ஒரு மாதம் கழித்து இன்னொன்றிலும் ஸ்டென்ட் வைக்கிறார்கள். வீட்டார் முதல் தேதியையே நினைவில் வைத்திருப்பார்கள். கணக்கு தொடங்குவது கடைசியாக வைத்த ஸ்டென்டின் தேதியிலிருந்துதான்.

தாள் தொலைந்துவிட்டால் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நோயாளி எண்ணையும் அடையாளச் சான்றையும் கொடுத்து நகல் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது அதன் வகையும் அளவும் அச்சிட்ட சிறிய ஒட்டுச்சீட்டையோ அட்டையையோ கொடுத்திருப்பார்கள். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: காத்திருக்க வேண்டிய காலத்தைக் கணக்கிடுங்கள்

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஏன் இவ்வளவு காத்திருப்பு என்பது புரிந்துவிட்டால் மற்றவை தாமே புரியும். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் விரித்து வைத்த மெல்லிய உலோக வலை. ரத்தம் அந்நியமான உலோகத்தைக் கண்டால் உறையப் பார்க்கும். நாளடைவில் குழாயின் உட்புறத் தோல் அந்த வலையின்மேல் படர்ந்து மூடிக்கொள்கிறது. மருந்து பூசிய ஸ்டென்டில் அந்த மருந்தே தோல் வளர்வதைத் தாமதப்படுத்துவதால், மூடிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உறைவைத் தடுப்பவை ஆஸ்பிரினும், அதனுடன் சேர்த்துக் கொடுக்கும் கிளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிரசுகிரெல் ஆகியவற்றில் ஒன்றும்தான். இன்னொரு பக்கம், உடலில் எந்த இடத்தைக் கீறினாலும் உடல் தன்னைக் காத்துக்கொள்ள ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. ரத்தப்போக்குக்கு அஞ்சி அந்த நேரத்தில் மாத்திரைகளையும் நிறுத்தினால், தோல் மூடாத உலோக வலையும், உறையத் துடிக்கும் ரத்தமும், மருந்தில்லாத உடலும் ஒரே நாளில் சந்திக்கின்றன. ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்வது இப்படித்தான். அப்படி அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022-இலும், அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2024-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏறக்குறைய ஒரே கணக்கைச் சொல்கின்றன. திட்டமிட்டு வைத்த ஸ்டென்ட் என்றால் ஆறு மாதம்; மாரடைப்பு அல்லது அதை ஒட்டிய நிலையில் வைத்த ஸ்டென்ட் என்றால் பன்னிரண்டு மாதம். மூன்று மாதத்துக்குப் பிறகு செய்வதைப் பற்றி யோசிப்பது, தள்ளிப்போட்டால் கேடு என்ற நிலையில் மட்டுமே. முதல் முப்பது நாளில், மாத்திரையை நிறுத்த வேண்டிய எந்தத் திட்டமிட்ட அறுவை சிகிச்சையும் கூடாது. ஸ்டென்ட் வைக்காமல் பலூனால் மட்டும் விரித்திருந்தால் பதினான்கு நாள் போதும். மாரடைப்பு வந்து, ஸ்டென்டோ பைபாஸோ செய்யாமல் மருந்தில் மட்டும் இருப்பவர் அறுபது நாளாவது காத்திருக்க வேண்டும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இதே போன்ற ஒற்றை எண் இல்லை. நடுவில் அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சர்க்கரை நோயாளிகளுக்கு அதற்கு மேலும் ஆகலாம். உடலின் ரத்த அளவும் நுரையீரலின் வலுவும் திரும்புவதற்கும் காலம் வேண்டும். எனவே அவசரமில்லாதவற்றுக்கு மூன்று மாதமாவது போகட்டும் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். மாரடைப்பைத் தொடர்ந்து பைபாஸ் செய்து, ஆஸ்பிரினும் இன்னொன்றுமாக இரட்டை மாத்திரையில் இருப்பவருக்கு இது மேலும் நீளும். முழங்கால் மாற்றுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அறுவைக்கு மறுநாளே வாக்கரை இரு கைகளாலும் ஊன்றி நடக்கச் சொல்வார்கள், அந்தப் பாரம் முழுவதும் நெஞ்செலும்பில்தான் இறங்கும். பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்த காயம் எந்தக் காலில் இருக்கிறது என்பதையும் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வால்வு மாற்றியவர்களின் கதை வேறு. நம் நாட்டில் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, முப்பது நாற்பது வயதிலேயே உலோக வால்வு பொருத்திக்கொண்ட பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கர்ப்பப்பை அறுவை தேவைப்படும்போது மாதக் கணக்கைவிடப் பெரிய சிக்கல், வாழ்நாள் முழுவதும் நிறுத்தக் கூடாத வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரைதான். வால்வு பொருத்திய முதல் மூன்று மாதங்களில் உறைவு ஆபத்து மிக அதிகம் என்பதால் அந்தக் காலத்தில் வேறெதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் பிறகு செய்யும்போது வார்ஃபரினை ஐந்து நாள் முன்னதாகவும், விரைவில் வேகம் இழக்கும் அசிட்ரோமை இரண்டு மூன்று நாள் முன்னதாகவும் நிறுத்தச் சொல்வது வழக்கம். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால், அந்த இடைவெளியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியால் பாலம் போடுவார்கள். அயோர்டிக் இடத்தில் புதுவகை வால்வு இருந்து வேறு ஆபத்தும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் அந்த ஊசி தேவைப்படாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முன்தினம் அவசியம். “புது மாத்திரை இருக்கிறதே, ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாமே” என்று யாராவது அபிக்ஸபானையோ ரிவராக்ஸபானையோ சொன்னால் கேட்காதீர்கள், உலோக வால்வுக்கு அவை ஆகா.

எதற்கெல்லாம் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்புரை அறுவையும், ஒன்றிரண்டு பல் பிடுங்குவதும் மாத்திரையை நிறுத்தாமலேயே செய்யக் கூடியவை. பல் வைத்தியத்துக்குப் போகும் வால்வு நோயாளிகள் மட்டும், கிருமி வால்வில் தங்காமல் இருக்க, முன்னதாக ஒரு வேளை ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டென்டும் பைபாஸும் மட்டும் உள்ளவர்களுக்கு அது தேவையில்லை.

நான்காம் படி: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

என் சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த நான்காம் மாதம், பழைய ஹெர்னியா உறுத்துகிறது என்று வீட்டருகே இருந்த ஒரு சிறிய நர்சிங் ஹோமில் நாள் குறித்துவிட்டார். சின்ன ஆபரேஷன்தானே என்று என்னிடம் சொல்லவில்லை. அங்கிருந்து தொலைபேசியில் பேசிய ஒருவர், “ஒரு வாரம் முன்னாடியே ரத்த மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடுங்க” என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா கணக்கில் பிசகாதவர். வாரத்தின் ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட மாத்திரை டப்பாவிலிருந்து வெள்ளை ஆஸ்பிரினையும் இளஞ்சிவப்புக் கிளோபிடோக்ரெலையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார். ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தவரை, சித்தி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்டென்ட் அடைத்திருந்தது. இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கூடமான கேத் லேபில் அரைமணியில் திறந்ததால் பிழைத்தார். அந்தக் காகித மடிப்பு இன்னும் என் கண்முன் நிற்கிறது. அதில் பத்து மாத்திரைகள் இருந்தன.

ஆகவே இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலான அறுவைகளில் நிறுத்துவதில்லை. மூளை, முதுகுத்தண்டின் உட்பகுதி போல, சிறு கசிவும் பெருந்தீங்கு செய்யும் இடங்களில் மட்டும் மருத்துவர்கள் கூடிப் பேசி நிறுத்துவார்கள். இரண்டாவது மாத்திரையை நிறுத்தலாம் என்று இதய மருத்துவர் ஒப்புக்கொண்டால், கிளோபிடோக்ரெலை ஐந்து நாளும், பிரசுகிரெலை ஏழு நாளும், டிகாக்ரெலாரை மூன்று முதல் ஐந்து நாளும் முன்னதாக நிறுத்துவது வழக்கம். தண்டுவடத்தில் மயக்க ஊசி போடுவதாக இருந்தால் மயக்க மருத்துவர் இந்த நாள்களைக் கூட்டவும் செய்வார். இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலால் போன்றவற்றையும், கொழுப்பு மாத்திரையையும் அறுவை நாள் காலையிலும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்துவதுதான் தீங்கு. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளை மட்டும் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இதைச் சொல்ல மறக்கும் இடங்கள் உண்டு, நீங்களே கேளுங்கள்.

நிறுத்தும் தேதியைப் போலவே மீண்டும் தொடங்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள். நான் பார்த்த வரையில் நிறுத்தியதால் கெட்டவர்களைவிட, திரும்பத் தொடங்க மறந்ததால் கெட்டவர்கள் குறைவில்லை.

ஐந்தாம் படி: உடல் தாங்குமா என்று பாருங்கள்

இரண்டு மாடிப் படிகளை நிற்காமல், மூச்சு வாங்காமல், நெஞ்சு கனக்காமல் ஏற முடிகிறதா? ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏற முடிந்து, புதிய தொல்லை எதுவும் இல்லை என்றால், பல நேரங்களில் ஒரு ஈ.சி.ஜி.யும் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளும் போதும். ஏற முடியவில்லை என்றாலோ, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ, எக்கோ எடுத்து இதயத்தின் பம்ப் வலிமையைப் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். மூட்டு வலியால் படியே ஏற முடியாதவர்கள் அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். காலால் முடியவில்லையா, மூச்சால் முடியவில்லையா என்பது அவருக்கு முக்கியம்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதன் அட்டையைக் கொண்டுபோக வேண்டும். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி பேஸ்மேக்கரைக் குழப்பக் கூடும் என்பதால், ஓராண்டுக்குள் அது சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஆறாம் படி: மூன்று மருத்துவர்களையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

இதய மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகிய மூவரும் தனித்தனியே சரியாகச் சொல்லி, ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுதான் இந்த விஷயத்தில் வரும் துன்பங்களுக்கு வேர். பன்னேர்கட்டா சாலை ஜெயதேவா இதய மருத்துவமனையிலோ, பொம்மசந்திரா பக்கத்து மருத்துவமனையிலோ இதய சிகிச்சை முடிந்திருக்கும். அறுவை சிகிச்சையை வீட்டருகே வைத்துக்கொள்வார்கள். இன்னும் சிலர் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று வேலூருக்கோ தருமபுரிக்கோ போவார்கள். ஊருக்குப் போவதில் தவறில்லை. ஆனால் இதய மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் பேருந்து ஏறாதீர்கள்.

அந்தக் கடிதத்தில் “அறுவைக்குத் தகுதியானவர்” என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. எந்த இதய சிகிச்சை எந்தத் தேதியில் நடந்தது, எந்த மாத்திரையைத் தொடர வேண்டும், எதை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், எப்போது மீண்டும் தொடங்க வேண்டும், அவசரமானால் யாரை அழைப்பது என்பவை இருக்க வேண்டும். “சார், இதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று பணிவாகக் கேட்டால் எழுதித் தராத மருத்துவரை நான் பார்த்ததில்லை. அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள். கன்னடம் வராதவர்கள் கவுன்டரில் “ஸ்டென்ட் ஹாகித்தாரெ, ப்ளட் தின்னர் தகொள்த்தாரெ” என்று சொன்னாலே, ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர் என்று புரிந்துகொள்வார்கள்.

எந்த மருத்துவமனை என்பதற்கு என் அளவுகோல் இது: ஸ்டென்ட் வைத்து ஓராண்டு முடியாதவருக்கு, இருபத்து நான்கு மணி நேரமும் கேத் லேபும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடமாக இருக்க வேண்டும். கட்டணம் கூடும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸின் அருகில் நின்றவர்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் எதற்கென்று தெரியும். காப்பீடு எடுத்திருந்தால் இதய சிகிச்சையை மறைக்காதீர்கள். ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும், அதையும் பார்த்து நாளைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஸ்டென்ட் இனிமேல்தான் வைக்கப்போகிறார்கள், மூட்டு மாற்றோ கட்டி அகற்றுவதோ ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது என்றால், அதை ஆஞ்சியோகிராமுக்கு முன்பே இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த ஸ்டென்ட், எத்தனை மாதம் இரட்டை மாத்திரை, மருந்திலேயே சமாளிக்கலாமா, எதை முதலில் செய்வது என்பவை எல்லாம் அந்த ஒரு தகவலால் மாறக் கூடும். நெஞ்சில் தொல்லையே இல்லாதவருக்கு, அறுவைக்குத் தகுதியாக்குவதற்கென்று மட்டும் ஸ்டென்ட் வைப்பதால் பொதுவாக நன்மை இல்லை.

ஏழாம் படி: காத்திருக்கும் மாதங்களிலும், அறுவைக்குப் பிறகும்

ஹெர்னியா உள்ளவர்கள் பாரம் தூக்காமல், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போய்க்கொண்டிருந்த புடைப்பு போகாமல் நின்று, வலியும் வாந்தியும் வந்தால், அதன் பிறகு மாதக் கணக்கு கிடையாது, உடனே மருத்துவமனை. பித்தப்பைக் கல் உள்ளவருக்குக் காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தாலும் அப்படியே.

அறுவைக்குப் பின் முதல் மூன்று நாளில்தான் இதயத்துக்குத் தொல்லை அதிகம் வருகிறது, அதிலும் பலருக்கு நெஞ்சு வலியே தெரிவதில்லை, ஏனென்றால் வலி மருந்து அதையும் மூடிவிடுகிறது. காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், திடீர்க் குழப்பம் ஆகியவற்றைக் கூட இருப்பவர் கவனித்து உடனே செவிலியரை அழைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் 108. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகளைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்த மாத்திரையோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும், பலவீனமான இதயத்தில் நீர்கோப்பும் வரும். பாராசிட்டமால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் ஹெர்னியா, இரண்டாம் முறை அடைப்பை நீக்கிய நாளிலிருந்து எண்ணிப் பதின்மூன்றாம் மாதம் ஆயிற்று. ஆஸ்பிரின் ஒரு நாளும் நிற்கவில்லை. கிளோபிடோக்ரெலை மீண்டும் தொடங்க வேண்டிய தேதியைச் சித்தி சிவப்பு மையில் பெரிதாக எழுதி, பால் கணக்கு அட்டைக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.